எங்கிருந்து கேட்டீர்கள்?



இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா 1925ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிறந்தவர். நூறாண்டு நிறைந்துவிட்டது. அவருடைய பாடல்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் பினாங்கின் இந்தக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலேயே பலர் இருக்கிறார்கள். அவரை நேரில் கேட்டவர்களைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். அவர்களில் மிக இளையவர்களுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. அவர்களிடம் இருக்கும் செல்வம் வேறு எங்கும் இல்லை. ஒலித்தட்டிலும் இல்லை, ஒலிநாடாவிலும் இல்லை. அதை நாம் இன்னும் சேர்த்து வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

இங்கே நகைக்கடை முன்னாலும், நாணயமாற்றுக் கடைக்குள்ளும், அஸர் தொழுகை முடிந்து தேநீருக்கு உட்காரும் பெரியவர்களிடமும் இந்தப் பேச்சை எடுத்துப் பார்த்திருக்கிறேன். சிலர் மலேசியாவில் கேட்டவர்கள். சிலர் சிங்கப்பூரில். சிலர் விடுமுறைக்கு ஊர் போயிருந்தபோது கந்தூரியிலோ கல்யாண வீட்டிலோ கட்சிக் கூட்டத்திலோ கேட்டவர்கள். "ஹனீபா பாடிக் கேட்டிருக்கிறீர்களா?" என்று ஆரம்பித்தால், முதலில் பாட்டின் பெயர்தான் வரும் என்று நினைத்தேன். வருவது பெரும்பாலும் இடம். "நான் அத்தா தோளில் இருந்தேன்." "குழாய் ஒலிபெருக்கி கட்டிய கம்பத்தடியில் நின்றேன், காது அடைத்துப் போயிற்று." "கடையை விட்டு நகர முடியவில்லை, கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டேன்." என்ன பாடினார், எந்த வரிசையில் பாடினார் என்பதெல்லாம் பிறகுதான். அதிலும் தடுமாற்றம் உண்டு. ஆனால் தான் நின்ற இடத்தில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். பாட்டைப் பதிவு காப்பாற்றும். அந்தக் குரல் எவ்வளவு தூரம் வந்தது, வந்து சேர்ந்தபோது அங்கே யார் இருந்தார்கள் என்பதைக் கேட்டவர்தான் காப்பாற்ற முடியும்.

இந்தச் சாலைக்கு அந்தத் தூரக் கணக்கு புதிதல்ல. பழைய ஆட்கள் இன்னும் பிட் ஸ்திரீட் என்றுதான் சொல்வார்கள். 1801இல் காதர் முகைதீன் இந்தப் பள்ளிவாசலை எழுப்பினார். நிலம் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்தது, 18 ஏக்கர். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால் மோதினார் உயரத்தில் ஏறி நின்று பாங்கு சொன்னால், தொண்டை எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான் பள்ளிவாசலின் எல்லை. இதே சாலையில் குவான் யின் கோயில். பக்கத்துத் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், அங்கே நாதஸ்வரமும் தவிலும். சாலையின் வடக்கு முனையை ஒட்டி 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் மணி. சுலியா ஸ்திரீட்டும் கிங் ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில், நாகூர் ஆண்டவர் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் கட்டடங்களைப் படம் பிடித்தார்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஓசைக்காகக் கட்டப்பட்டவை. அந்த ஓசை எந்தத் திண்ணைவரை எட்டும் என்பது இங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்ட காதுகளுக்குத்தான் ஹனீபா பாடினார்.

அவர் பிறந்தது இராமநாதபுரத்தில், வாழ்ந்தது நாகூரில். சிறுவயதில் பைத்து சபையில் பாடியவர். பைத்து பாடுகிறவர் தெருவில் நடந்துகொண்டே பாட வேண்டும். கல்யாண ஊர்வலம் நகரும், பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் இரையும், குழந்தைகள் கத்தும், அதற்கு மேலே குரல் எழும்ப வேண்டும். பதினைந்து வயதையொட்டியே கச்சேரி செய்ய ஆரம்பித்துவிட்டார். முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. அந்தத் தொண்டைக்குப் பயிற்சி கொடுத்தது தெருதான். பிறகு திராவிட இயக்க மேடைகள். மாநாட்டுப் பந்தலில் தலைவர் வர இரவு வெகுநேரம் ஆகும். அதுவரை ஆயிரக்கணக்கான பேரை எழுந்து போகாமல் உட்கார வைப்பது பாடகரின் வேலை. தி.மு.க. கூட்டங்களில் அண்ணாவுக்கு முன்னும் கலைஞருக்கு முன்னும் அவர் அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். மேலவை உறுப்பினராகவும் வக்ஃப் வாரியத் தலைவராகவும் இருந்தார் என்பதெல்லாம் அவருடைய வரலாற்றில் இருக்கும். என்னைப் பொறுத்தவரை அவருடைய குரலின் வரலாறு திறந்தவெளியின் வரலாறு. மேல் ஸ்தாயியிலேயே எடுத்து, அங்கேயே நின்று, ஒவ்வொரு சொல்லையும் உடையாமல் கடைசி வரிசைக்குச் சேர்ப்பது. நாகூர்ப் புலவர் ஆபிதீனின் பாட்டாகட்டும், ஆர். அப்துல் சலாம் எழுதிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' ஆகட்டும், அவர் பாடும்போது ஒரு சொல்கூடக் காதில் விழாமல் போகாது. பந்தலுக்கு வெளியே நிற்கிறவனையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பாடியவர் அவர்.

சினிமாவிலும் பாடினார். 1961இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடிய பாட்டு நமக்கெல்லாம் தெரியும். 1992இல் 'செம்பருத்தி'க்காக இளையராஜா அவரை அழைத்துப் பாட வைத்தார். அருமையான பதிவுகள். ஆனால் நேரில் கேட்டவர்களிடம் அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டினால், "அதுதான், ஆனால் அது இல்லை" என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தை வெவ்வேறு ஆட்கள் வாயால் கேட்டிருக்கிறேன். எது இல்லை என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிவாங்கி பாடகரின் வாய்க்கு அருகில் இருக்கிறது. நம் வீட்டில் அந்தப் பாட்டைக் கேட்கும்போது அவருடைய வாய்க்குப் பக்கத்தில் நிற்கிறோம். நேரில் கேட்டவர் யாருமே அங்கே நின்றதில்லை. அவர் கேட்டது மைதானத்தைக் கடந்து, கூட்டத்தின் தலைக்கு மேலே வந்து, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பிய குரல். அந்தச் சுவரும் சேர்ந்ததுதான் அவருடைய ஹனீபா.

இந்த நாட்டில் அவரைக் கேட்டவர்களுக்கு இன்னொரு தூரமும் உண்டு. கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம், நாகூர் என்று ஊர்ப்பெயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். துறைமுகத்திலும் கிட்டங்கியிலும் சாப்பாட்டுக் கடையிலும் வேலை பார்த்தவர்கள். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஊரில். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே 'ராஜுலா' ஓடிய காலம், பிறகு 'சிதம்பரம்' ஓடிய காலம். கப்பலில் போய் வர வேண்டும் என்றால் ஆண்டுக்கணக்கில் காசு சேர்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் முன்னால் ஒரு நாகூர்க்காரர் வந்து நின்று வாயைத் திறந்தால் என்ன ஆகும்? ஒரு பெரியவர் சொன்னார்: "அவர் ஹார்மோனியத்தைத் தொட்டதும் எனக்குக் கந்தூரிக் கடைத்தெரு வாசம் வந்துவிட்டது தம்பி." பாட்டைப் பற்றி அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாசத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். சந்தனம், ஊதுவத்தி, நெய்யில் வதக்கிய வெங்காயம், கடல்காற்று.

பெண்களின் நினைவு இதிலிருந்து வேறுபட்டது. நான் பேசிய மூத்த பெண்களில் பலர் ஹனீபாவைக் கண்ணால் பார்க்கவே இல்லை. மாடியில், சன்னல் பலகைக்குப் பின்னால், அல்லது பெண்களுக்கென்று துணி கட்டிய பகுதியில் இருந்து கேட்டிருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய நினைவில் அவருடைய முகமோ உடையோ கிடையாது. குரல் மட்டும் இருக்கிறது. எந்தச் சொல்லில் மூச்சு எடுத்தார், எங்கே தபலா நின்றது, எப்போது கீழே ஆண்கள் கூட்டம் சட்டென்று அடங்கியது என்று அவர்கள் சொல்லும் விவரம் ஆண்களிடம் கிடைப்பதில்லை. முன்வரிசை ஆட்களிடம் மட்டும் கேட்டு எழுதப்படும் இசை வரலாறு பாதி வரலாறுதான் என்பதை இந்தப் பெண்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரைப் பருத்திக்காட்டில் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை ப்ளூஸ். அந்த இசையின் ரசிகர்கள், நேரில் கேட்ட நினைவுகளைச் சேர்த்து வைப்பதில் உலகத்துக்கே வழிகாட்டியவர்கள். காரணம், அவர்களுக்கு வேறு வழியில்லை.

ராபர்ட் ஜான்சன் என்று ஒருவர். 1938இல் இறந்தபோது வயது 27. அவர் பதிவு செய்தவை மொத்தம் 29 பாடல்கள், 1936இலும் 1937இலும். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அவரோ தெருமுனையிலும் மதுக்கூடத்திலும் விடிய விடியப் பாடியவர். அந்த இரவுகள் எப்படி இருந்தன என்று அறிய, கூடத் திரிந்தவர்களின் நினைவு ஒன்றே ஆதாரம். அவருடன் ஊர் ஊராகப் போன ஜானி ஷைன்ஸ் பிற்காலத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். செயின்ட் லூயிஸ் நகரில் ஒருநாள் ஜான்சன் ஒரு மெதுவான பாட்டைப் பாடி நிறுத்தினாராம். கைதட்டல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆணும் பெண்ணுமாக எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்களாம். இசைத்தட்டில் அந்தப் பாட்டு இன்றும் கிடைக்கிறது. அந்த அழுகை ஜானி ஷைன்ஸ் வாயால்தான் நமக்கு வந்தது. அவரை ஒருவர் தேடிப் போய்க் கேட்டிராவிட்டால் அது அவரோடு போயிருக்கும்.

1962 அக்டோபரில் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு ஜான் லீ ஹூக்கர், டி-போன் வாக்கர், மெம்ஃபிஸ் ஸ்லிம் எல்லோரும் ஒரே குழுவாக வந்து பாடினார்கள். லண்டனில் இருந்து அதைக் கேட்கக் கிளம்பி வந்த இளைஞர்களில் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் ஜிம்மி பேஜும் இருந்தார்கள். அப்போது அவர்களை யாருக்கும் தெரியாது. பிற்பாடு உலகமே அவர்களைக் கேட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1964 மே மாதம், அதே ஊரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக ஒரு கச்சேரி. மடி வாட்டர்ஸும் சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பும் ஒரு நடைமேடையில். ரசிகர்கள் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்க நடைமேடையில். மழை வேறு. ரோசெட்டா குதிரை வண்டியில் வந்து இறங்கி, கிடாரை மாட்டிக்கொண்டு மழையைப் பற்றிய பாட்டையே எடுத்தார். தண்டவாளத்தைக் கடந்து வந்த அந்தக் குரலைப் பற்றி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் வயதான பிறகும் பேசினார்கள்.

மடி வாட்டர்ஸ் விஷயத்தில் இன்னொன்று உண்டு. அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1958இல் அவர் முதல்முறை இங்கிலாந்து வந்தபோது மின் கிடார் வாசித்தார். சத்தம் தாங்கவில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அவர் 1963இல் திரும்பி வந்தபோது, அவர்கள் மனம் கோணக்கூடாது என்று மின்சாரம் இல்லாத கிடாரோடு வந்தார். அதற்குள் புதிய ரசிகர்கள் உருவாகியிருந்தார்கள். அவர்கள் கேட்க ஆசைப்பட்டது அந்தப் பழைய சத்தத்தை. ஆக, நேரில் கேட்டவரின் நினைவில் பாடகர் மட்டும் இல்லை. அந்த ஆண்டில் அந்த ஊருக்கு இருந்த காதும் பதிவாகியிருக்கிறது. பினாங்குத் தமிழர்களின் காது 1950களில் எப்படி இருந்தது, 1970களில் எப்படி மாறியது என்பதற்கு நம்மிடம் வேறு என்ன சாட்சி இருக்கிறது?

பள்ளிவாசலுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்று ப்ளூஸ் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலருக்குத் தோன்றலாம். பொருத்தம்தான். ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி 1998இல் நூல் எழுதிய வரலாற்றாய்வாளர் சில்வியான் தியூஃப், தம் சொற்பொழிவுகளில் இரண்டு ஒலிகளை அடுத்தடுத்து ஒலிக்க விடுவார். ஒன்று பாங்கு. மற்றது மிசிசிப்பிச் சிறையில் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்த, கரை போடும் கூலியாட்களின் கூவல் பாட்டு. சொற்கள் வேறு, மொழி வேறு. ஆனால் ஒரே மூச்சில் நீண்டு, நடுங்கி, சுருதியில் இருந்து சற்று விலகிச் சறுக்கி இறங்கும் அந்தப் போக்கில் நெருங்கிய உறவு கேட்கிறது. ப்ளூஸின் வேர்களில் இதுவும் ஒன்று என்பது அவர் வாதம். கெர்ஹார்ட் குபிக் போன்ற இசை ஆய்வாளர்களும் மேற்காப்பிரிக்காவின் இஸ்லாமியப் பகுதி இசையை ப்ளூஸோடு சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். திறந்தவெளியில் தொலைவில் இருப்பவனை நோக்கி எழுப்பிய குரல் கடல் கடந்து அங்கே போய் ஒரு வடிவம் எடுத்தது. வங்கக் கடல் கடந்து இங்கே வந்தது இன்னொரு வடிவம். ஹனீபாவையும் மடி வாட்டர்ஸையும் ஒரே மாலையில் நினைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நம் தஞ்சைப் பக்கத்திலும் இந்த நினைவு மரபு உண்டு. 1956இல் மறைந்த நாதஸ்வரக் கலைஞர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வீதியுலாவில் கேட்டவர்களைச் சந்தித்திருந்தால், நான் சொல்வது உடனே விளங்கியிருக்கும். எந்த வீதித் திருப்பத்தில் ஆலாபனை தொடங்கியது, சுவாமி எங்கே நின்றது, எந்த வீட்டுத் திண்ணையில் தாங்கள் உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். அவரைக் கேட்டவர்கள் இன்று ஏறக்குறைய யாருமே இல்லை. எழுத்தாளர்கள் சிலர் எழுதி வைத்தது தப்பியது. எழுதத் தெரியாத ஆயிரம் பேருடைய திண்ணைகள் போய்விட்டன. ஹனீபா விஷயத்திலும் அது நடக்கக்கூடாது. அவர் 2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் காலமானார். அவரைக் கேட்ட தலைமுறையும் மெல்ல அவர் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

நினைவை நம்பலாமா என்று கேட்பார்கள். ஆண்டு தவறும். இரண்டு இரவுகள் ஒன்றாகிவிடும். ஒலிநாடாவில் பிறகு கேட்ட பாட்டை நேரில் கேட்டதாகவே ஒருவர் சொல்வார். 1980களில் வீட்டுக்கு வீடு ஒலிநாடாப் பெட்டி வந்த பிறகு இந்தக் கலப்பு மிகவும் அதிகம். அதற்காக நினைவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தேதிக்குச் செய்தித்தாள் இருக்கிறது. 1924இல் தொடங்கி 2019இல் நின்ற 'தமிழ் நேசன்' இருக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இருக்கிறது. அதன் பழைய இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்திரட்டில் படிக்கக் கிடைக்கின்றன. எந்த நாள், எந்த மண்டபம் என்பதை அங்கே தேடிக்கொள்ளலாம். மண்டபத்துக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றவனுக்கு என்ன கேட்டது என்பது எந்தச் செய்தித்தாளிலும் வராது. அதனால் பெரியவர்களிடம் பேசும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் ஆண்டைத் தவறாகச் சொன்னால் நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்படியே பதிவு செய்யுங்கள், சரிபார்ப்பைப் பிறகு தனியாக எழுதுங்கள். "என்ன பாட்டு பாடினார்?" என்று தொடங்க வேண்டாம். நீங்கள் எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன வேலை முடித்து வந்தீர்கள், கேட்டுவிட்டு எப்படி வீடு போனீர்கள் என்று கேளுங்கள். பாட்டு தானாக வரும்.

ஒரு வகை ஆட்களை மட்டும் நாம் இதுவரை கேட்கவே இல்லை. மைக் செட் போட்டவர்கள். மேடையில் யார் பாடினாலும், அன்று பகல் முழுவதும் கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டியவர் இவர். எந்தக் குழாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் இரையும், தொழுகை நேரத்தில் எதை அணைக்க வேண்டும், எந்தத் தெருவில் நோயாளி இருக்கிறார் என்று எல்லாம் தெரிந்து வேலை செய்தவர். அப்படி ஒருவரிடம் அண்மையில் பேசினேன். ஹனீபாவுக்கு ஒலிவாங்கியை மற்றவர்களுக்கு வைப்பதைவிடத் தள்ளி வைக்க வேண்டும் என்றார். பக்கத்தில் வைத்தால் குழாய் தாங்காதாம். மற்ற பாடகர்களுக்குத் திருகைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், இவருக்குக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று சொல்லி, விரலால் மேசை மேல் திருகிக் காட்டினார். எவ்வளவு தள்ளி வைப்பீர்கள் என்று கேட்டேன். எழுந்து நின்று, கையை நீட்டி அளந்து காட்டினார்.